பன்னிரண்டு வேப், ஒரு சம்மன்

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுப் பழக்கமான சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு, அதாவது மின்னணு சிகரெட்டுக்கு, மாறியவன். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் 12 வேப் கருவிகளை வரவழைத்தேன். நான்கு எனக்கு, மற்றவை நண்பர்களுக்கு. அவர்கள் தங்கள் பங்கை ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள். பார்சலைச் சென்னையில் சுங்கத் துறை பிடித்து வைத்து எனக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறது. பெட்டிக்கடைதோறும் சிகரெட் விற்கவும் டாஸ்மாக் நடத்தவும் தயங்காத அரசு, என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கையாக இல்லையா? தனிமனித உரிமையின் பேரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? நடந்ததை எல்லாம் விளக்கி அதிகாரிக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

உங்கள் வாதம் முழுவதும் பயன்படுத்துவதைப் பற்றியது. உங்கள் மீதுள்ள பிரச்சினையோ இறக்குமதியைப் பற்றியது. 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டத்தில், புகைப்பவரைப் புகைத்ததற்காகத் தண்டிக்கும் பிரிவு தனியாக இல்லை. ஆனால் 4ஆம் பிரிவு தயாரிப்பு, இறக்குமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடை செய்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்றோ இத்தனை எண்ணிக்கை வரை என்றோ அதில் விலக்கு எதுவும் கிடையாது. நிக்கோட்டின் இல்லாத வகை என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் வரையறைக்குள் அது வந்துவிடும்.

சிகரெட்டை விற்கவிட்டு வேப்பைத் தடுப்பது முரண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தீமையைத் தடுக்கும் சட்டம் எல்லாத் தீமைகளையும் ஒருசேரத் தடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பே, முறையான சட்டமும் நியாயமான நோக்கமும் அளவுக்கு மீறாத நடவடிக்கையும் இருந்தால் அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு கூறுகிறது. உங்கள் தனிமனித உரிமை வாதத்தை உங்கள் செலவில் முன்வைத்துப் பார்க்க விரும்பும் வழக்கறிஞர் கிடைக்கக்கூடும். சம்மன் நிலையில் உயர் நீதிமன்றம் தலையிடுவது மிக அரிது என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். விசாரித்து வாக்குமூலம் வாங்கச் சுங்கச் சட்டம் 108ஆம் பிரிவின் கீழ் உங்களை அழைத்திருக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர் என்பது உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவு செய்த விஷயம். ஆகவே அங்கே நீங்கள் சொல்லிக் கையெழுத்திடுவது உங்களுக்கு எதிரான சாட்சியமாகவே நிற்கும். வழக்கில் சிக்கும் படித்தவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கள் தரப்பைப் புரியவைத்துவிட்டால் அதிகாரி விட்டுவிடுவார் என்று நம்பி, கேட்காத கேள்விக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, பின்னர் மிரட்டி வாங்கினார்கள் என்று மறுக்க வருகிறார்கள். தாமதமான மறுப்புக்கு மதிப்புக் குறைவு.

உங்கள் கடிதத்தில் "நண்பர்களுக்காக எட்டு" என்று ஒரு வரி இருக்குமானால், ஜிபே பதிவுகளோடு சேர்த்து அது விற்பனையாகவும் விநியோகமாகவும் படிக்கப்படும். லாபம் வைக்கவில்லை என்பது தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும்போது உதவலாம், குற்றம் இல்லை என்று காட்ட உதவாது. அதற்காகப் பொய் சொல்லவோ அரட்டைப் பதிவுகளை அழிக்கவோ முற்படாதீர்கள். அவை தனிக் குற்றங்கள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள், எழுதியதை வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. 4ஆம் பிரிவை மீறினால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வழக்கு குற்றவியல் நடுவர் முன் வந்தால், "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம், அரைமணி நேர வேலை" என்று வராந்தாவில் யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிக் கட்டுவது சாலை விதிமீறலுக்குக் கட்டுவது போன்றதல்ல. அது குற்றத் தீர்ப்பு. வேலைக்கான படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டிவரும், மறுமுறை சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் என்ற கணக்குக்கு அதுவே அடித்தளமாகும். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் வெளிநாடு செல்லவும் நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதை, ஆன்சைட் வாய்ப்புக்குக் காத்திருக்கும் உங்கள் துறையினர் பெரும்பாலும் விமான டிக்கெட் எடுத்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே விஷயத்தை, நீதிமன்றம் வரை போகாமல், சுங்கத் துறையே தண்டம் விதித்து முடிக்கும் தீர்ப்பாணை மட்டத்திலேயே முடிக்கப் பாருங்கள். பொருளைத் திருப்பிக் கேட்காதீர்கள், அது வராது. பறிமுதலை எதிர்க்காதீர்கள். தடை செய்யப்பட்ட பொருளுக்குச் சுங்கச் சட்டம் 112ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்படும் தண்டத் தொகை, பொருளின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. ரிட் மனுவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம். தண்டம் கட்டுவது குற்றத் தீர்ப்பு ஆகாது. ஆனால் அது குற்ற வழக்குக்குத் தடையும் ஆகாது என்பதால், சுங்க வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரைச் சம்மன் தேதிக்கு முன்பே பாருங்கள், தேதியன்று போகாமல் இருந்துவிடாதீர்கள். நண்பர்களின் பணத்தை இப்போது அவசரமாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதையும் அந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.