பட்டனைக் காணோம்: வாசகர் கேள்வி - பதில்

பிரவுசர் அப்டேட்டுக்குப் பிறகு டூல்பார் மாறிப்போனது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அப்டேட் ஆனதிலிருந்து ஹோம் பட்டனைக் காணோம். ரீலோட் பட்டன் வேறு பக்கம் போய்விட்டது. பிரவுசரில் நான் சேர்த்த துணை நிரல்களின் (எக்ஸ்டென்ஷன்) ஐகான்களும் இல்லை. கை பழைய இடத்துக்கே போய்த் தவறாக அழுத்துகிறது. பழையபடி வைக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பட்டன் ஒளிந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா, அடியோடு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கான வழி. விண்டோவை முழுத்திரைக்கு விரித்துப் பாருங்கள். அகலம் போதாதபோது ஃபயர்பாக்ஸ் சில பட்டன்களை வலது ஓரத்தில் இரட்டை அம்புக்குறிக்குள் தள்ளிவிடும். அப்படியானால் அப்டேட்டின் மேல் பழியில்லை.

அங்கும் இல்லையென்றால் டூல்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘கஸ்டமைஸ் டூல்பார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உபயோகத்தில் இல்லாத பட்டன்கள் எல்லாம் ஒரு பக்கமாக விரியும். ஹோமை இழுத்து வேண்டிய இடத்தில் விடுங்கள். 2011இல் வந்த 4ஆம் பதிப்பு முதல் ரீலோட் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் இருந்தது. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பில்தான் தனி பட்டனாக இடப்பக்கம் வந்தது. தனி பட்டன் என்பதால் அதையும் இழுத்து முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் வைக்கலாம். பட்டையின் உள்ளேயே வைக்க முடியாது. சற்றுத் தள்ளி வெளியேதான் நிற்கும். பட்டையின் இருபுறமும் வெற்றிடம் தெரிந்தால் அது ‘ஃப்ளெக்சிபிள் ஸ்பேஸ்’. அதை இழுத்து வெளியே போட்டுவிட்டால் பட்டை நீளும். கடைசியில் ‘டன்’ அழுத்துங்கள். பக்கத்திலுள்ள ‘ரிஸ்டோர் டிஃபால்ட்ஸ்’ மேல் கை பட்டால் செய்த அடுக்கல் எல்லாம் கலைந்துவிடும், ஜாக்கிரதை.

எக்ஸ்டென்ஷன்கள் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பிலிருந்து புதிர்த்துண்டு ஐகானுக்குள் போய்விட்டன. அதைத் திறந்து, வேண்டியதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘பின் டு டூல்பார்’ கொடுத்தால் வெளியே வரும்.

குரோமில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. பேக், ஃபார்வர்ட், ரீலோட் மூன்றையும் இடம் மாற்ற முடியாது. செட்டிங்ஸில் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ஹோம் பட்டனைக் காட்டச் சொல்லலாம். எக்ஸ்டென்ஷன்களைப் புதிர்த்துண்டுக்குள் இருந்து பின் செய்யலாம். பட்டன்களின் இடம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்டேட்டை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பையே போட்டுக்கொண்டால் என்ன?

பதில்: வேண்டாம். புதிய தோற்றத்தோடு சேர்ந்து பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்புகளும் வருகின்றன. பழைய பதிப்பில் அந்த ஓட்டைகள் திறந்தே கிடக்கும். எவை என்ற விவரமும் அதற்குள் வெளியாகியிருக்கும். வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் புழங்கும் மென்பொருளில் ஒரு பட்டனுக்காக இந்த விலை கொடுக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் புக்மார்க், கடவுச்சொல், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்திருக்கும் தொகுப்புக்கு ப்ரொஃபைல் என்று பெயர். ஃபயர்பாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். புதிய ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும். சரி என்று அழுத்தினால் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் காலியாகத் தெரியும். பலர் இந்த இடத்தில் பதறிப்போகிறார்கள். எதுவும் அழியவில்லை, முந்தைய ப்ரொஃபைலில் பத்திரமாக இருக்கும். புதிய பதிப்பைத் திரும்ப நிறுவி, அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

மாற்றத்தைத் தள்ளிப்போட நேரான வழி ஃபயர்பாக்ஸின் இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப்) பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும். பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். தள்ளிப்போகும், அவ்வளவுதான். நிரந்தரமாகத் தப்ப முடியாது.

கேள்வி: டேப்கள் தடிமனாகிப் பாதித் திரையை அடைக்கின்றன. யூசர்குரோம் கோப்பு போட்டால் சரியாகும் என்றார்கள். போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: யூசர்குரோம் என்பது ஃபயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்ற நாமே எழுதி வைக்கும் கோப்பு; குரோம் பிரவுசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் குறைக்கு அந்தக் கோப்பே தேவைப்படாமல் போகலாம். 2021 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 89ஆம் பதிப்பில்தான் டேப்கள் தடித்தன. நெருக்கமான தோற்றத்துக்கான ‘காம்பாக்ட்’ தேர்வும் மறைக்கப்பட்டது. அதை வெளியே கொண்டுவரலாம். முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ (about:config) என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். ஃபயர்பாக்ஸின் உள் அமைப்புகளுக்கான பக்கம் அது. எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடல் கட்டத்தில் ‘காம்பாக்ட்மோட்’ (compactmode) என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் கொடுத்து, ‘ஷோ’ என்று முடியும் வரியை ‘ட்ரூ’ ஆக்குங்கள். பிறகு கஸ்டமைஸ் டூல்பார் பக்கத்தின் அடியில் ‘டென்சிட்டி’ மெனுவில் காம்பாக்ட் இருக்கும்.

அதற்கு மேலும் மாற்ற வேண்டுமென்றால் யூசர்குரோம். அது வேலை செய்யாததற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. 2019இல் வந்த 69ஆம் பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் இந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. அபவுட்:கான்ஃபிக்கில் ‘லெகசியூசர்ப்ரொஃபைல்’ (legacyuserprofile) என்று தேடிக் கிடைக்கும் வரியை ட்ரூ ஆக்க வேண்டும். இரண்டாவது, ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் ‘குரோம்’ (chrome) என்ற துணை ஃபோல்டரில்தான் கோப்பு இருக்க வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது: விண்டோஸ் கோப்பு வகையை மறைத்துக் காட்டுவதால், டாட் சி.எஸ்.எஸ். (.css) என்று முடிவதாக நீங்கள் நினைக்கும் கோப்பின் பெயர் உண்மையில் டாட் டி.எக்ஸ்.டி. (.txt) என்று முடிந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும்.

இது நிலையான தீர்வல்ல. பிரவுசரின் உள்ளுறுப்புகளின் பெயர்களை நம்பி எழுதப்படும் கோப்பு இது. அந்தப் பெயர்கள் மாறினால் சத்தமில்லாமல் செயலிழக்கும். அப்டேட்டுக்குப் பிறகு டூல்பார் கோணல்மாணலாகத் தெரிந்தால் முதல் வேலையாக அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு பிரவுசரைத் திறந்து பாருங்கள். சோதனை அம்சங்களை மாற்றிப் பார்க்க உதவும் குரோம் பிரவுசரின் ‘ஃப்ளாக்ஸ்’ பக்கமும் இப்படித்தான். 2018 செப்டம்பரில் குரோம் 69 புதுத்தோற்றத்தோடு வந்தபோது பழைய தோற்றத்துக்குத் திரும்ப அங்கே ஒரு தேர்வு இருந்தது. பின்னர் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: வயதான அப்பாவுக்கு ‘இடமிருந்து மூன்றாவது பட்டன்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். இப்போது எல்லாம் மாறிவிட்டது. எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: இடத்தை விட்டுவிட்டுக் கீபோர்டைப் பழக்குங்கள். ஆல்ட்டுடன் இடது அம்புக்குறி முந்தைய பக்கம், ஆல்ட்டுடன் ஹோம் முகப்பு, எஃப்5 ரீலோட், கண்ட்ரோலுடன் எல் முகவரிப் பட்டை. இந்த நான்கும் விண்டோஸில் ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் ஒன்றே. பேக்ஸ்பேஸை மட்டும் பழக்காதீர்கள். முன்பு அது முந்தைய பக்கத்துக்குப் போகும். படிவம் நிரப்பும்போது தெரியாமல் அழுத்தி எல்லாம் அழிந்துபோனதால் குரோம் 2016இலும் ஃபயர்பாக்ஸ் 2021இலும் அதை நிறுத்திவிட்டன. அவர் அடிக்கடி போகும் நாலைந்து தளங்களை புக்மார்க் டூல்பாரில் பெயரோடு வைத்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பட்டை தோன்றும்.

கோளாறு எதற்காவது ‘ரீஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்’ அழுத்தச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். புக்மார்க் தங்கும், எக்ஸ்டென்ஷன்களும் டூல்பார் அடுக்கலும் போய்விடும்.

கேள்வி: பிரவுசரைத் தயாரிப்பவர்களிடம் புகார் செய்தால் கேட்கிறார்களா?

பதில்: சில நேரம் கேட்கிறார்கள். மேலே சொன்ன ஃபயர்பாக்ஸின் காம்பாக்ட் தேர்வை முற்றிலும் எடுத்துவிடத்தான் முதலில் திட்டம். பயனர்கள் எதிர்த்ததால்தான் மறைவாகவேனும் மிஞ்சியது. ‘பழசே நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. பதிப்பு எண், திரையின் அளவு, எந்த வேலைக்கு முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை கிளிக் என்று எழுதி, இரண்டு தோற்றத்தின் படங்களையும் இணையுங்கள். குரோமில் ஆல்ட், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புகார்ப் படிவம் திறக்கும்.