அனுப்பிய பிட்காயின் தொலையவில்லை

அக்கரைப்பற்றிலிருந்து எழுதிய சகோதரருக்கு,

நேற்று உங்களுடைய இன்னொரு பணப்பைக்கு அனுப்பிய பிட்காயின் இன்னும் உறுதியாகவில்லை, கட்டணம் ஒரு வைபைட்டுக்கு (பரிவர்த்தனை பிடிக்கும் இடத்தின் அலகு) 2 சாட்டோஷிதான் (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சாட்டோஷி) வைத்தேன் என்கிறீர்கள். பதறாதீர்கள். பணம் எங்கும் போகவில்லை, வரிசையில் நிற்கிறது.

கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல. பரிவர்த்தனை பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. பரிவர்த்தனைகளைச் சேர்த்து உறுதியாக்கும் தொகுதி (பிளாக்) ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒன்றுதான் வருகிறது, கூடக் கொடுப்பவரே அதில் முதலில் ஏறுகிறார்.

பணப்பையில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, கட்டணத்தை உயர்த்தும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். உயர்த்தினால் புதியது பழையதன் இடத்தைப் பிடிக்கும்; பணம் இரண்டு தடவை போகாது. அதற்கு முன், வரிசையில் நிற்பவற்றைக் காட்டும் மெம்பூல் ஸ்பேஸ் (mempool.space) தளத்தில் இப்போதைய கட்டண வீதத்தைப் பாருங்கள். ஒரு உள்ளீடும் (செலவிடும் தொகை) இரண்டு வெளியீடும் (பெறுபவருக்குப் போவதும் உங்களுக்குத் திரும்பும் மிச்சமும்) கொண்ட செக்விட் (குறைந்த இடம் பிடிக்கும் வடிவம்) பரிவர்த்தனை சுமார் 141 வைபைட். வைபைட்டுக்கு 10 சாட்டோஷி வீதம் என்றால் 1,410 சாட்டோஷி, அவ்வளவுதான்.

அந்தத் தெரிவு இல்லையென்றால், பெறும் பணப்பையும் உங்களுடையதுதானே, வரவிருக்கும் அந்தத் தொகையையே அங்கிருந்து கூடிய கட்டணத்தில் உங்களுக்கே அனுப்புங்கள். பின்னதன் கட்டணத்துக்காக, தொகுதிகளை உருவாக்கும் சுரங்கத்தார் (மைனர்கள்) முன்னதையும் சேர்த்து ஏற்றுவார்கள். பணப்பை அதற்கும் இடம் தராவிட்டால் பொறுத்திருங்கள். வழமையான அமைப்பில் கணுக்கள் (பிட்காயின் வலையமைப்பின் கணினிகள்) 14 நாளில் அதைக் கைவிடும், பணம் மீண்டும் உங்கள் கைக்கு வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கல்லடியில் என் மச்சான் இப்படித் தவித்த இரவில், உதவுவதாகத் தனிச்செய்தியில் வந்த ஒருவர் பணப்பையையே திறந்துவிடக்கூடிய 12 மீட்புச் சொற்களையும் கேட்டார். ஆறாவது சொல்லைத் தட்டும்போதுதான் நான் கைபேசியைப் பறித்தேன். அந்தச் சொற்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், எனக்கும்கூட.