கப்பலில் வைஃபை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் நெருங்கினால் உல்லாசக் கப்பல் பயணம் பற்றிக் கேள்விகள் வரும். முன்பெல்லாம் "வாந்தி வருமா?", "சைவச் சாப்பாடு கிடைக்குமா?" என்பவைதான் அதிகம். இப்போது வைஃபை முந்திக்கொண்டது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நாலு இரவுப் பயணம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போகிறோம். ஆளுக்கொரு வைஃபை பேக்கேஜ் எடுக்க வேண்டுமா? (ஜூரோங் வாசகர்)

நாலு வேண்டாம். ஒன்று எடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. பெரிய கப்பல்களில் ஒரு கருவிக்கான முழு இணையத் திட்டம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 அமெரிக்க டாலர் வரை வருகிறது. நாலு பேருக்கு நாலு நாள் என்று பெருக்கிப் பார்த்தால் 400 டாலரைத் தொட்டுவிடும். அந்தக் காசில் பினாங்கில் இரண்டு நாள் ராஜா மாதிரி சாப்பிடலாம்.

‘ஒரு கருவி’ என்றால் ஒரு நேரத்தில் ஒரு கருவி என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. உங்கள் ஃபோனில் லாக்-அவுட் செய்துவிட்டு மனைவியின் ஃபோனில் நுழையலாம். லாக்-அவுட் செய்யாமல் சார்ஜில் போட்டுவிட்டு நீங்கள் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டால், அவர் உங்களைத் தேடிப் பன்னிரண்டு மாடியும் ஏறி இறங்க வேண்டியதுதான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஐஃபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியைத் தொட்டால் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்று ஒன்று தெரியும். அது ‘ரொட்டேட்டிங்’கில் இருந்தால் ஃபோன் தன் அடையாள எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். காசு கட்டிய அதே ஃபோனைக் கப்பலின் கணினி புது ஃபோன் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். கப்பல் வைஃபைக்கு மட்டும் அதை ‘ஃபிக்ஸ்டு’ என்றோ ‘ஆஃப்’ என்றோ மாற்றுங்கள். ஆண்ட்ராய்டிலும் வைஃபையின் ‘பிரைவசி’ பகுதியில் ‘ஃபோன் மேக்’ (ஃபோனின் நிஜ அடையாள எண்) என்று மாற்றிக்கொள்ளலாம். கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டரில் அரை மணி நேரம் வரிசையில் நிற்பது மிச்சம்.

ஏற்கெனவே இன்டர்நேஷனல் ரோமிங் பேக் போட்டிருக்கிறேன். அது கப்பலிலும் வேலை செய்யும்தானே? (பெரம்பூர் வாசகி)

தயவுசெய்து இந்தப் பதிலைக் கூட வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வைஃபைக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். பயப்பட வேண்டியது ரோமிங்குக்குத்தான்.

உங்கள் பேக் நாடுகளுக்கானது. நடுக்கடல் எந்த நாட்டிலும் சேராது. கரையைவிட்டு விலகியதும் கப்பல் தன் சொந்த மொபைல் நெட்வொர்க்கை இயக்கும். ஃபோன் திரையின் மூலையில் ‘செல்லுலர் அட் சீ’ என்றோ ‘டெலினார் மாரிடைம்’ என்றோ பெயர் வரும். கோடு கோடாக முழு சிக்னலும் காட்டும். பார்த்தவுடன் "அட, நெட் வருதே" என்று மகிழ்ந்துபோவீர்கள். அந்த சிக்னல் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. அதன் கட்டணம் தனி, சாதாரண நாட்டு ரோமிங் பேக்கில் அடங்காது. நீங்கள் ஃபோனைத் தொடவே வேண்டாம். கைப்பையில் கிடந்தபடியே அது மத்தியானம் எடுத்த வீடியோவை கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றும், வாட்ஸ்அப் பேக்கப் எடுக்கும், ஆப்களை அப்டேட் செய்யும். போஸ்ட்பெய்டு இணைப்பு என்றால் வீடு திரும்பிய பிறகுதான் பில்லைப் பார்த்து உட்காருவீர்கள்.

கப்பலுக்குள் கால் வைத்ததும் ஃபிளைட் மோடு போடுங்கள், அப்புறம் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அப்போதும் ஃபோன் அந்த நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஊரிலிருந்து யாரோ கூப்பிட, நீங்கள் பழக்கத்தில் எடுத்து "கப்பல்ல இருக்கேன்பா" என்று சொன்னாலே நிமிடக் கணக்கில் காசு போகும்.

பலரும் கோட்டைவிடுவது முதல் நாளில் இல்லை. துறைமுகத்தில் இறங்கும்போது ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு, சாயங்காலம் களைத்துப்போய் ஏறும்போது மறந்துவிடுகிறார்கள். பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்கள் ஃபோனையும் நீங்களே வாங்கிப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் அலாஸ்கா போனோம். நெட்டுக்குக் காசு கட்டியும் ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை. இப்போது எல்லாக் கப்பலிலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் என்கிறார்கள். உண்மையிலேயே மாறியிருக்கிறதா? (ஸ்கார்பரோ வாசகர்)

நிறையவே மாறியிருக்கிறது. பழைய கப்பல் இணையம் பூமிக்கு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தகவல் மேலே போய்க் கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும். அதனால்தான் பொறுமை போனது. 2014 வாக்கில் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் சுமார் 8,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஓ3பி செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2022 ஆகஸ்ட்டில் ராயல் கரீபியன் குழுமம் தன் கப்பல்களுக்கெல்லாம் ஸ்டார்லிங்க் என்று அறிவித்தது. கார்னிவல் குழுமமும் 2024க்குள் தன் கப்பல்களில் பொருத்தி முடித்தது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. வீடியோ கால் பேச முடிகிறது, முகமும் குரலும் சேர்ந்தே வருகின்றன.

அலாஸ்காவில் உங்களுக்கு நேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பழைய செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. அவ்வளவு வடக்கே போனால் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத்தான் தெரியும். இருபக்கமும் மலை எழும் நீர்வழிக்குள் கப்பல் நுழைந்தால் மலையே மறைத்துவிடும். இப்போதைய தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒன்று மறைந்தால் இன்னொன்று கிடைக்கும். செங்குத்தான மலைகளுக்கு நடுவே இன்றும் சற்று நேரம் துண்டிக்கலாம், ஆனால் பழைய கதை இல்லை.

இருந்தாலும் வீட்டு ஃபைபர் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ மாதிரிக் கப்பலில் அறைக்கு இருவர் கணக்கிலேயே 5,610 பயணிகள், அதற்கு மேல் 2,350 ஊழியர்கள். கீழ் வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் மாடியில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கரையே தொடாத நாட்களின் மாலை நேரம் மோசம். அதிகாலையும், எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிட்ட பகலும் நன்றாக இருக்கும். அறைச் சுவர்கள் இரும்பு, வைஃபை பெட்டிகள் பெரும்பாலும் வெளியே நடைபாதைக் கூரையில். பால்கனியில் நின்று தடுமாறுவதைவிட அறைக் கதவோரம் நின்று பேசிப் பாருங்கள்.

முன்கூட்டியே வாங்குவதா, ஏறிய பிறகா? இந்திய கார்டு எடுக்குமா? ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது? (கோயம்புத்தூர் வாசகர்)

முன்கூட்டியே. கப்பலில் ஏறிய பிறகு அதே திட்டத்துக்குப் பொதுவாக விலை கூடுதல். பல நிறுவனங்களில், புறப்படும் முன் விலை இறங்கினால் பழையதை ரத்து செய்துவிட்டுக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கலாம். அதனால் சீக்கிரம் வாங்குவதில் நஷ்டம் இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் தேவை என்றால் 24 மணி நேர பாஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது. வங்கி ஆப்பில் நீங்கள் திறந்துவிட வேண்டும். ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அந்நியச் செலாவணி மார்க்கப் என்று பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை சேரும். "ரூபாயில் கழிக்கவா, டாலரிலா?" என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள்.

கப்பலில் அறைச் சாவி அட்டைதான் பணம். வைஃபை வாங்கினாலும் அந்தக் கணக்கில் ஏறி, கடைசியில் நீங்கள் பதிவு செய்த கார்டில் கழியும். ஓடிபி பிரச்சினை அங்கே அவ்வளவாக வராது. டெபிட் கார்டைப் பதிவு செய்யாதீர்கள், கிரெடிட் கார்டு கொடுங்கள். உத்தரவாதத்துக்காக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டில் அது உங்கள் சொந்தப் பணம், விடுபடச் சில நாள் ஆகும். பிள்ளைகளின் அட்டையில் செலவு வசதியை மூடச் சொல்லவும் மறக்காதீர்கள்.

நடுக்கடலில் ஃபிளைட் மோடில் எஸ்எம்எஸ் வராது. சில இணைப்புகளில் வைஃபை காலிங் வழியாக வந்துவிடும், அதை நம்பி உட்கார முடியாது. கரண்ட் பில், இஎம்ஐ எல்லாம் முடித்துவிட்டே ஏறுங்கள்.

மலிவான ‘சோஷியல்’ திட்டம் போதுமா? (மதுரை வாசகி)

வாட்ஸ்அப்பில் எழுதவும் ஃபேஸ்புக் பார்க்கவும் போதும். இந்த அடிமட்டத் திட்டங்களில் பெரும்பாலும் வீடியோ கால் போகாது, வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பேரனின் முகத்தைப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது வீண். கப்பலுக்குள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள மட்டும் என்றால் கப்பலின் ஆப்பிலேயே சாட் இருக்கும். சிலவற்றில் இலவசம், சிலவற்றில் சிறு தொகை. ஆப்பை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். வைகிங் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் அடிப்படை வைஃபை டிக்கெட்டிலேயே அடங்கிவிடும், அங்கே இந்தக் கவலையே இல்லை.

லீவு போடாமல் கப்பலிலிருந்தே வேலை பார்க்க நினைக்கிறேன். (பெங்களூர் ஐடி வாசகர்)

முழுத் திட்டம் எடுங்கள், விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சில கப்பல்களில் மலிவுத் திட்டங்களில் தடுத்துவிடுவார்கள். சில நாடுகளின் கடல் எல்லைக்குள் அனுமதிச் சிக்கலால் இணைப்பு நின்றுபோவதும் உண்டு. மின்னஞ்சல், கோப்பு வேலை ஓடும். கிளையன்ட்டுக்கு டெமோ காட்டுகிற நாளைக் கப்பலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னையிலிருந்து இலங்கை போகும் கப்பலில் வைஃபை வாங்கலாமா? (திருவான்மியூர் வாசகர்)

கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கிளம்பியது. பாதையும் தேதியும் பருவத்துக்குப் பருவம் மாறும். இப்படிச் சில நாள் பயணத்துக்கு நான் வைஃபை வாங்கச் சொல்ல மாட்டேன். கரையில் இறங்கும் நாளுக்கு ஒரு இலங்கை இ-சிம் போட்டுக்கொண்டால் போதும். கடலில் அது வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் மகன் உல்லாசக் கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருக்கிறான். பேச முடியவில்லை, நெட்டுக்குச் சம்பளத்தில் பாதி போகிறது என்கிறான். அப்படியா? (தூத்துக்குடி வாசகி)

அம்மா, ஊழியர்களுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. பயணிகள் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் உள்ளன. கப்பல் ஊழியர்கள் குடும்பத்தோடு தொடர்பில் இருக்க வசதி செய்துதர வேண்டும் என்றும், இணையத்துக்குக் கட்டணம் வாங்கினாலும் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. தம்பியைத் தன் கப்பலின் மனிதவள அதிகாரியிடம் ஊழியர் கட்டணப் பட்டியலைக் கேட்கச் சொல்லுங்கள். பல துறைமுகங்களில் மாலுமிகளுக்கான மையங்கள் இருக்கின்றன, அங்கே வைஃபை கிடைக்கும். அவனுக்குக் கரை இறங்க நேரம் எப்போது கிடைக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அப்போது நள்ளிரவாகவும் இருக்கலாம்.

ஸ்டார்லிங்கின் சிறிய ஆன்டெனாவான மினி ஒன்றை நானே பெட்டியில் போட்டுக்கொண்டு போனால்? (துபாய் வாசகர்)

பல கப்பல்களில் ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போது தருவார்கள். சொந்த ரௌட்டருக்கும் பல கப்பல்களில் இதே கதிதான்.