லண்டன் எம்.ஆர்க். படித்தால் அங்கேயே ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாமா?

கேள்வி: என் மகள் கோவையில் பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். அர்பன் டிசைனில் (நகர வடிவமைப்பு) மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். லண்டனில் ஓராண்டு எம்.ஆர்க். என்ற முதுநிலைப் படிப்பு படித்தால் அங்கேயே ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்துகொள்ளலாம், மொத்தம் 40 லட்சம் ஆகும் என்கிறது ஒரு கன்சல்டன்சி. வீட்டை அடமானம் வைக்கலாமா? இந்தியாவில் படித்தால் மதிப்பிருக்காதா? (ஒரு தந்தை, கரூர்)

பதில்: வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அந்த கன்சல்டன்சி உங்களிடம் சொன்ன முக்கியமான விஷயமே தவறு.

பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள, ஏ.ஆர்.பி. என்ற பதிவு வாரியம் ஏற்றுக்கொண்ட படிப்பு வேண்டும். எம்.ஆர்க். என்ற பெயர் இருந்தால் போதாது. லண்டனில் பெயர்பெற்ற பார்ட்லெட் கல்லூரியிலேயே எம்.ஆர்க். ஆர்க்கிடெக்சர் என்று ஒன்று, எம்.ஆர்க். அர்பன் டிசைன் என்று இன்னொன்று. முதலாவது பதிவுக்கான படிக்கட்டு. இரண்டாவது அப்படியல்ல. நல்ல படிப்புதான், ஆனால் ஓராண்டு முடிந்ததும் அதை வைத்து அங்கே பதிவு கிடைக்காது. படிப்புக்குப் பிறகு வேலை தேடத் தரும் இரண்டாண்டு விசாவையும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். உங்களிடம் 40 லட்சம் கணக்குச் சொன்னவர் இதைச் சொன்னாரா?

சொல்லமாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. ‘எங்கள் ஆலோசனை இலவசம்’ என்று பலகை வைக்க முடிவது அதனால்தான். ஒரு பைசா கமிஷன் இல்லாத, மத்திய அரசின் கட்டடக்கலைக் கல்லூரியான டெல்லி எஸ்.பி.ஏ.வின் பெயரை எந்த ஏஜென்ட் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. மாணவரின் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவும் நாங்களே செய்து தருகிறோம் என்பார்கள், அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த போர்ட்ஃபோலியோக்கள் தேர்வுக்குழு மேசைக்கு வந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாண்டு வேலையில் உங்கள் மகள் தன் கையால் போட்ட வரைபடம் நான்கு இருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு.

இனி படிப்பைப் பார்ப்போம். தனிக் கட்டடத்துக்கும் நகரத்தின் மாஸ்டர் பிளானுக்கும் இடையில் இருப்பது அர்பன் டிசைன். தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி, வண்டிகளுக்கான இடத்தைச் சுருக்கினார்களே, அதுபோன்ற வேலை. இந்தியத் தெருவில் வேலை செய்யப்போகிறவருக்கு இந்தியத் தெருவை ஸ்டூடியோவில் அலசும் கல்லூரிதான் உதவும். டெல்லி எஸ்.பி.ஏ., போபால் எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். இங்கே படித்தால் மதிப்பில்லை என்பது ஏஜென்டுகள் கிளப்பிய கதை.

தனியார் கல்லூரி என்றால், கட்டடக்கலைப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அனுமதி கல்லூரிக்கு இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த முதுநிலைப் பாடப்பிரிவுக்கு, இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். முழுநேர அர்பன் டிசைன் ஆசிரியர்கள் எத்தனை பேர், போன செமஸ்டரில் மாணவர்கள் எந்த ஊரை எடுத்துச் செய்தார்கள் என்று கேட்டு, அந்த வரைபடங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அர்பன் டிசைனர் என்ற தொழிலுக்கு நம் நாட்டில் சட்டமே இல்லை. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி பதிவு பெற உங்கள் மகளின் பி.ஆர்க். போதும், எம்.ஆர்க். அதில் எதையும் மாற்றாது. நகரமைப்புத் துறை வேலைக்குப் போனால் எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுநிலைப் பட்டம்) இருக்கிறதா என்று கேட்பார்கள். நகரத்தை வடிவமைக்கப் படித்தவருக்கு நகரமைப்புத் துறையில் இடம் உண்டா என்று ஒவ்வொரு அறிவிக்கையிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இதைச் சரிசெய்ய ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அரசு வேலைதான் நோக்கம் என்றால் எம்.பிளானே எடுக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்வர்டின் அர்பன் டிசைன் படிப்பும் கொலம்பியாவின் மூன்று பருவ, ஓராண்டுப் படிப்பும் ஏற்கெனவே பி.ஆர்க். முடித்தவர்களுக்கானவை. சில ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் இவை போதும். ஆனால் அங்கேயே உரிமம் பெற்றுத் தொழில் செய்வதென்றால் கதை வேறு. பெரும்பாலான மாநிலங்கள் நாப் என்ற அமைப்பு அங்கீகரித்த பட்டத்தைக் கேட்கின்றன. நம் பி.ஆர்க். அந்தப் பட்டியலில் இல்லை, இந்த அர்பன் டிசைன் படிப்புகளும் இல்லை. ஆகவே ஒன்று, பி.ஆர்க்.கை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அல்லது ஆண்டு கூடுதலானாலும் அங்கீகாரமுள்ள எம்.ஆர்க்.கிலேயே சேர்ந்து, அதற்குள் அர்பன் டிசைன் ஸ்டூடியோக்களை எடுக்க வேண்டும். அதன்பிறகும் 3,740 மணி நேரப் பயிற்சி, தேர்வுகள் எல்லாம் இருக்கின்றன. திரும்பவும் சொல்கிறேன், இது அங்கே உரிமம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பார்க்க வேண்டியது, அந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் உள்ளதா என்பதை. இருந்தால் படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் கிடைக்க வழியுண்டு. இதைப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்டின் வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, இந்தியாவில் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதால் அவசரமில்லை. வேலையை விடாமலே படிக்கலாம். கன்சல்டன்சிக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். ஃபைல் போட்டாச்சு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்தப் பணம் வராது.