கேரவனில் செட்டிநாடு: சேர நினைப்பவர்களுக்குப் பதில்கள்

கானாடுகாத்தானைச் சுற்றி ஐந்து நாள் கேரவன் (படுக்கை, சமையல், கழிவறை உள்ள வண்டி) பயணத்துக்குக் குழுக்களை அழைத்துப் போகிறேன். அடுத்த பயணத்தில் சேர நினைப்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

திருச்சியிலிருந்து: அண்ணே, கார் லைசென்ஸ் போதுமா?

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமமே போதும். ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்குங்க. பழக வேண்டியது உயரம்தான். எங்க வீதிகள் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும், ஆனா குறுக்கே கேபிள் வயர் தொங்கும். அதனால வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திட்டு நடந்துதான் உள்ளே போறோம்.

சென்னையிலிருந்து: குழுவோடு வந்தால் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்க முடியாதே?

தாராளமா நிற்கலாம். முன்வண்டியும் கடைசி வண்டியும்தான் மாறாது. இடையில் இருக்கிறவங்க எங்க வேணும்னாலும் நிறுத்தலாம், போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்றதைப் பார்க்கும்போது யாரையும் அவசரப்படுத்த மாட்டேன். கண்ணாடித் தகட்டு மேல அச்சை வச்சு, கட்டம் கட்டமா வண்ணக் கலவையை ஊத்தி, அச்சைத் தூக்கினதும் பூ அப்படியே நிற்கும். அதுமேல சிமெண்டும் மணலும். சூளையே கிடையாது, தண்ணியில் ஊறித்தான் கல் இறுகும். கண்ணாடியை எடுத்தா முகம் தெரியுற பளபளப்பு.

தேவகோட்டையிலிருந்து: தம்பி, குளிக்க, கழிவறைக்கு என்ன வழி?

ஆச்சி, நல்லவேளை கேட்டீங்க. குழுவில் எல்லாருக்கும் முதல்ல இதைத்தான் சொல்றேன். நூறு லிட்டர் டேங்க், சிக்கனமா இருந்தா ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் வரும். கழிவறைப் பெட்டியைத் தங்குமிடத்து செப்டிக் டேங்கில் மட்டும்தான் கொட்டணும். பாத்திரம் கழுவின தண்ணியும் வண்டிக்கு அடியில் உள்ள டேங்கிலேயே நிற்கணும், வழியில் திறக்கக் கூடாது.

வளவுல, அதாவது வீட்டு நடுமுற்றத்துல, விழுற மழையை அண்டாவில் பிடிச்சு, மிச்சத்தை ஊருணிக்கு விட்ட ஊர்கள் இது, உங்களுக்கே தெரியும். மூணு வருஷம் முந்தி எங்க குழுவில் ஒருத்தர் ஊருணிக் கரையில் அந்தக் கழிவுத்தண்ணி டேங்க் குழாயைத் திறந்துட்டார். சோப்பு நுரை படி படியா இறங்குச்சு. தண்ணி எடுக்க வந்த ஒரு அம்மா ஒண்ணும் பேசல. இடுப்புக் குடத்தை இறக்கி வச்சுட்டு, ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி அணை போட்டாங்க. நானும் போய் அள்ளினேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல. இப்ப ஊரை நெருங்கும் முன்னாடி ஒவ்வொரு வண்டியிலும் குழாய் மூடியை நானே திருகிப் பார்க்கிறேன்.

மதுரையிலிருந்து: மே மாதம் வரலாமா? பிள்ளைகளுக்கு லீவு.

வேண்டாம்மா. வெயிலில் வண்டிக்கூடு அடுப்பு மாதிரி ஆயிடும். பொங்கல் விட்டதும் வாங்க. அப்பவும் திருமயம் கோட்டைக்குக் காலையிலேயே ஏறிடணும். ஏசிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டா சுருளை முழுசா பிரிச்சுடுங்க, சுருட்டியபடி விட்டா சூடாகி உருகும்.

கோவையிலிருந்து: சமையல் வண்டியிலேயா?

காலை டிபன் மட்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கணும். மதியம் காரைக்குடி மெஸ்ஸில். கவுனி அரிசி வாங்கித் தர்றேன், முந்தின ராத்திரியே ஊறப்போடுங்க.

புதுக்கோட்டையிலிருந்து: தைப்பூசத்தை ஒட்டி வரலாமா?

வரலாம், ஆனா காவடியோடு பழனிக்கு நடக்கிறவங்க குன்றக்குடி பக்கம் ராத்திரியிலும் போய்க்கிட்டிருப்பாங்க. அந்த நாட்களில் இருட்டினப்புறம் ஒரு வண்டியும் எடுக்க மாட்டேன். நாற்காலியைப் போட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அவங்களுக்கு மோர் கொடுக்கலாம், அதுக்கு மட்டும் ரெண்டு குடம் தண்ணி தனியா எடுத்து வைப்போம்.