தட்டம்மைத் தடுப்பூசி: குழந்தை மருத்துவரிடம் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. தட்டம்மை–ரூபெல்லா ஊசியால் ஆட்டிசம் வருவதை லண்டன் மருத்துவர் ஒருவர் கண்டுபிடித்தார் என்று என் அத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருக்கிறார். உண்மையா, டாக்டர்?

பதில்: அந்த மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. 1998 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் அவரும் மற்றவர்களும் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) பற்றி எழுதிய கட்டுரை மொத்தமே 12 குழந்தைகளைப் பற்றியது. ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் பின்னாளில் தோண்டியெடுத்தவை அதைவிடக் கவலைக்குரியவை. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். தனித் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்கு 1997-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஊசிக்கு முன்பே அறிகுறி தெரிந்த சில குழந்தைகளுக்கு, ஊசிக்குப் பிறகுதான் அது தொடங்கியது என்பதுபோல் கட்டுரை காட்டியது. 2010 பிப்ரவரியில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆள் நாணயமற்றவர் என்பதாலேயே அவர் சொன்னது பொய்யாகிவிடாது; ஆகவே பிறர் தேடிப் பார்த்தார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. ஜப்பான் வேறொரு காரணத்துக்காக, அதாவது பொன்னுக்கு வீங்கிக்கான பகுதியால் சிலருக்கு மூளையுறை அழற்சி வந்ததால், 1993-இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்தியது, அதன் பிறகும் யோகோஹாமாவில் ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டேதான் போனது.

பிறகு ஏன் இத்தனை பெற்றோர் நம்புகிறார்கள் என்றால், பேசத் தொடங்கிய குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டிக் கண்ணில் படுகிறது. நம் நாட்டில் இரண்டாம் தவணை போடுவதும் 16 முதல் 24 மாதங்களுக்குள்தான். அடுத்தடுத்து நடப்பதை மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்தப் பெற்றோரின் துயரம் உண்மையானது. அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் உங்கள் மகளின் ஊசியை ஒத்திப்போடாதீர்கள்.

கேள்வி: இந்த ஊசியில் பாதரசம் இருக்கிறதாமே?

பதில்: இல்லை. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் கொண்ட ஊசி. பாதரசச் சேர்மமான தையோமெர்சாலைச் சேர்த்தால் வைரஸே செத்து ஊசி பயனற்றுப்போகும்.

கேள்வி: காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் சிறு புண் வந்திருக்கிறது. மஞ்சள் பூசலாமா?

பதில்: எதையும் பூச வேண்டாம். அது எதிர்பார்க்கப்படுவதுதான், தானே ஆறி வடுவாகும். அக்குளில் கட்டி தெரிந்தால் மட்டும் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். குடிநீரும் சத்துணவும் வந்ததால்தான் இந்நோய்கள் ஒழிந்தன. தட்டம்மை மரணங்கள் ஊசி வருவதற்கு முன்பே சரிந்துவிட்டதை வரைபடமே காட்டுகிறது. பெருமை மட்டும் ஊசிக்கா?

பதில்: ஐயா, உங்கள் வரைபடம் சரி, அது மரணங்களை மட்டும் காட்டுகிறது. சத்துணவும் நல்ல சிகிச்சையும் வந்ததால் நோயுற்றவர்கள் பிழைத்தார்கள், ஆனால் நோய் வருவது குறையவில்லை. ஊசி வந்த 1963-க்கு முன்பு, எல்லா வசதியும் இருந்த அமெரிக்காவில் ஆண்டுதோறும் 30 முதல் 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்தது. சுமார் 48,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 400 முதல் 500 பேர் இறந்தார்கள். நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். 1963 வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு அதன் பிறகு சரிந்து விழும்.

கேள்வி (அதே பொறியாளர்): அமெரிக்கக் கணக்கு அமெரிக்க நிறுவனங்களுக்குத்தானே சாதகமாக இருக்கும்?

பதில்: அப்படியானால் இரண்டு நாடுகளை ஒப்பிடுவோம். அமெரிக்கா 1995 முதல் சின்னம்மைக்கு ஊசி போட்டது. பிரிட்டன் அதற்குப் பின் நெடுங்காலம் எல்லாக் குழந்தைகளுக்கும் போடவில்லை. இரண்டிலும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் ஏறத்தாழ ஒன்றே. சின்னம்மை அமெரிக்காவில் வெகுவாகக் குறைந்தது; பிரிட்டனில் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. சமோவாவையும் பாருங்கள்: 2018-இல் தட்டம்மை ஊசியின் முதல் தவணை போட்ட குழந்தைகள் 31 விழுக்காட்டினர் என்ற அளவுக்கு ஊசி சரிந்தது. மறு ஆண்டே சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் அந்தத் தீவு நாட்டில் 5,700-க்கு மேற்பட்டோருக்குத் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயது நிறையாத குழந்தைகள். ஓராண்டில் அங்கே குடிநீர் கெட்டுவிடவில்லை.

கேள்வி (அதே பொறியாளர்): அதே சமோவாவில் ஊசியே இரண்டு குழந்தைகளைக் கொன்றதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்க மாட்டேன், இது எல்லோரும் அறிய வேண்டியது. 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சற்று நேரத்தில் இறந்தார்கள். இந்த மருந்து குப்பியில் உலர்ந்த தூளாக இருக்கும், அதற்கென்றே வரும் நீரில் கரைத்துப் போட வேண்டும். அங்கே செவிலியர்கள் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தில் கரைத்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். ஆனால் அரசு ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது, எதிர்ப்பாளர்கள் அச்சத்தை வளர்த்தார்கள், அந்த இடைவெளியில் நோய் புகுந்தது.

பெற்றோர் தாங்களே கவனிக்கக் கூடியவை உண்டு. குப்பி மூடியில் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கரைத்த நேரத்தைச் செவிலியரிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தட்டம்மை வந்தால் வேப்பிலையும் பப்பாளிச் சாறும் போதாதா?

பதில்: வேப்பிலை கட்டுவதையும் அம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் நான் தடுக்கவில்லை. மருத்துவரிடம் வராமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் அடுத்து வரும் நிமோனியாவால். மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும்; மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. சமோவாவிலும் பப்பாளி இலைச் சாற்றைப் பரப்பினார்கள்.

கேள்வி: ஊசியால் ஆட்டிசம் வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 2017-இல் பள்ளியில் இந்த ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மகளுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது அவளுக்குக் கல்லூரி வயது.

பதில்: அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் போடத் திட்டமிட்டபோது பலர் உங்களைப்போல் அஞ்சினார்கள். இப்போதும் போடலாம், திருமணத்துக்கு முன் கட்டாயம் போடுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்புரையும் காது கேளாமையும் இதயக் கோளாறும் வரக்கூடும். கர்ப்ப காலத்தில் இந்த ஊசி கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: ஆட்டிசம் பற்றிய காணொலி ஒன்று அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பார்க்க இயலாது. அதை வெளியிட்டவரிடம் நீங்களே கேளுங்கள்: எத்தனை குழந்தைகளைப் பார்த்தார், யாரோடு ஒப்பிட்டார், என்ன தெரிந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார், காணொலியின் முடிவில் எதையாவது விற்கிறாரா. இவற்றுக்கு நேரான பதில் வந்தால் எழுதுங்கள்.

கேள்வி: பையனுக்குச் சளி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: சாதாரணச் சளி தடையில்லை, கடும் காய்ச்சல் என்றால் மட்டும் அங்குள்ள மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மிக அரிதான கடும் ஒவ்வாமை வந்தால் உடனே மருந்து தர அதுவே வழி. ஒரு வாரம் கழித்து இலேசான காய்ச்சலோ தடிப்போ வந்தால் அஞ்ச வேண்டாம்.