கட்டடம் பிறகுதான் வந்தது: பல்கலைக்கழக வரலாறு, கேள்வி பதில்

பல்கலைக்கழகங்கள் எப்படித் தோன்றி வளர்ந்தன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். சில கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: முதல் பல்கலைக்கழகம் நாலந்தாவா, பொலோனியாவா?

காலத்தால் நாலந்தாதான் மூத்தது. 5ஆம் நூற்றாண்டில் தோன்றிய பௌத்த மடம் அது. கிராமங்களின் வருவாயில் நடந்தது. வாயிலிலேயே கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள், வெளியூர்க்காரர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் திரும்பிப் போக வேண்டியதுதான் என்கிறார் 7ஆம் நூற்றாண்டில் அங்கே படித்த சீனத் துறவி யுவான் சுவாங். ஆனால் இன்று நாம் வாங்கும் பட்டத்தின் வேர் இத்தாலியின் பொலோனியாவிலும் பாரிஸிலும் இருக்கிறது. பொலோனியா தன் தொடக்கமாகக் கொண்டாடும் ஆண்டு 1088.

கோவை சட்டக் கல்லூரி மாணவர்: பொலோனியாவில் மாணவர்கள்தான் பேராசிரியர்களை வேலைக்கு வைத்தார்களாமே?

ஆமாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சட்டம் படிக்கப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள், பலர் நன்கு வயது வந்தவர்கள். வந்த ஊரில் உரிமை கிடையாது, வாடகையோ அதிகம். அதனால் சங்கம் அமைத்தார்கள், தலைவரும் மாணவரே. ஆசிரியரின் பிழைப்பு மாணவர் தரும் கட்டணத்தில் ஓடியதால் பிடி சங்கத்தின் கையில் இருந்தது. 1317ஆம் ஆண்டு விதிகளின்படி ஆசிரியர் ஒரு நாள்கூட அனுமதியில்லாமல் விடுப்பு எடுக்க முடியாது. ஊரை விட்டுப் போனால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்ட வேண்டும். மணி அடித்ததும் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு முடிக்க வேண்டும். கடினமான பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லை என்றால் அபராதம்! ஆனால் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நகராட்சி பேராசிரியர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கியிருந்தது. அப்புறம் மாணவர் கை மெல்லத் தாழ்ந்தது. பாரிஸில் கதை வேறு, அங்கே ஆசிரியர்களின் சங்கம்தான் பல்கலைக்கழகம்.

சென்னையிலிருந்து ஒருவர்: நகரங்கள் ஏன் இவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தன?

இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் ஊரின் வருமானமும் பெயரும் போய்விடும். சொந்தக் கட்டடமோ நிலமோ இல்லாததே அவர்களுடைய பலம். 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். பழி ஒரு மாணவன்மேல் விழுந்தது. அவன் அகப்படாததால் அவனோடு தங்கியிருந்தவர்களை ஊரார் தூக்கிலிட்டார்கள். படிப்பாளிகள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ். 1214இல் சமரசம் வந்தபோது, மாணவர் விடுதிகளுக்குப் பத்து ஆண்டுகள் பாதி வாடகைதான் என்று ஆக்ஸ்போர்டு ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பாரிஸிலும் 1229இல் மதுக்கடைத் தகராறில் மாணவர்கள் கொல்லப்பட, இரண்டு ஆண்டுகள் வகுப்பு நடக்கவில்லை.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: கல்லூரி என்பது எப்போது வந்தது?

ஏழை மாணவர் தங்கிப் படிக்க யாராவது எழுதிவைத்த அறக்கட்டளையாகத்தான் கல்லூரிகள் தொடங்கின. பாரிஸில் சொர்போன் 1257, ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் 1264. நிலமும் வீடும் சேர்ந்ததும் ஊரை விட்டுக் கிளம்புவது கடினமாயிற்று.

தஞ்சை ஆய்வு மாணவி: ஆராய்ச்சியும் அப்போதே இருந்ததா? பெண்கள் படித்தார்களா?

இருந்த நூலை விளக்குவதும் வாதிடுவதும்தான் அன்றைய வேலை. ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற எண்ணம் 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தால் வலுப்பெற்றது. பெண்களுக்கு லண்டன் 1878இலும் ஆக்ஸ்போர்டு 1920இலும் பட்டத்தைத் திறந்துவிட்டன. கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தந்தது 1948இல். இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மதுரை இணைப்புக் கல்லூரி ஆசிரியர்: நான் நடத்தும் பாடத்துக்கு வேறு யாரோ வினாத்தாள் எடுக்கிறார்கள். இது எப்படி வந்தது?

லண்டனிலிருந்து. 1836இல் அமைந்த லண்டன் பல்கலைக்கழகம் அன்று தேர்வு வைத்துப் பட்டம் தந்தது, பாடம் நடத்தவில்லை. அதே அச்சில்தான் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. வெவ்வேறு ஊர்களில் படித்தவர்களும் வந்து தேர்வு எழுத முடிந்ததில் நன்மையும் இருந்தது. சென்னையின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி என்ற கிறித்தவக் கல்விக்கூடத்தில். பிற்காலத்தில் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர்தான்.

ஆனால் கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர் என்ற பிரிவு நமக்குப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். வகுப்பில் கேட்கும் நல்ல கேள்விக்குத் தேர்வில் மதிப்பில்லாமல் போகிறது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களும் நேரடியாகக் கற்பிக்க வழி செய்தது. ஆனால் கல்லூரி பாடம் நடத்த, பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும் இணைப்பு முறை அப்படியே நின்றது. 1978இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. அங்கே பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியுடையவை, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். உங்கள் கல்லூரியும் தன்னாட்சிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள், ஐயா.